மேற்குச் சுவர்

இப்போதெல்லாம் மனிதர்களுக்கு வெறும் கண் போதுவதில்லை. கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் மணல் விரிந்து கிடக்கிறது; ஆனால் பாழடைந்த வீட்டுக்குள் புகுந்து, ஓட்டை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால்தான் அது அழகாம். ஜீப்பின் நிழலில் குந்தியிருந்த கிழவர் இப்படி நினைத்துக்கொண்டு காறித் துப்பினார். அவர் ஓட்டி வந்த ஜீப்பில் காமிராவும் கையுமாக வந்த பெண், மதியத்திலிருந்து வீடு வீடாக நுழைந்துகொண்டிருந்தாள். சுரங்கம் மூடி, கிணறும் வற்றி, ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன குடியிருப்பு. முழங்கால் உயர மணல்தான் இப்போது அங்கே குடித்தனம் நடத்துகிறது.

கிழவரின் தம்பி பெண்சாதி ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து சட்டையொன்றுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். எதிரே வரும் லாரி தெரியாத மனுஷரை நம்பி யாரையும் பாலைவனத்துக்கு அனுப்ப முடியாது என்று கேலி பேசிக்கொண்டு எப்போதும் கூடவே வருவாள். ஆனால் வண்டியை விட்டு இறங்கமாட்டாள். கடைசி வீடு அவள் வாழ்ந்த வீடு.

அந்தக் குடியிருப்பில் மேற்கே எவனும் ஜன்னல் வைப்பதில்லை. மணற்காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும். புதுப்பெண்டாட்டி சூரியன் இறங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டாள் என்று தம்பி மட்டும் சுவரை உடைத்துப் பச்சைச் சட்டம் போட்ட ஜன்னல் வைத்தான். ஒரு நாள் காற்று கிளம்பியபோது, வெளியே நின்ற ஆட்டைப் பிடிக்க அந்த ஜன்னல் வழியாகவே குதித்துப் போனான். ஆடு திரும்பியது. அவன் திரும்பவில்லை. அதன்பிறகு அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. சோறு இல்லை, தூக்கம் இல்லை, எலும்பும் தோலுமாகிவிட்டாள். அவளையும் பறிகொடுத்துவிடுவோமோ என்று பயந்து கிழவரே செங்கல் வைத்து அதை அடைத்தார். வாய்க்கு வந்தபடி திட்டினாள். பிறகு ஒரு வாய் சாப்பிட்டாள். அப்படித்தான் அவள் பிழைத்தது.

பொழுது சாயும்போது படக்காரப் பெண் மணலைத் தட்டிக்கொண்டு வந்து, காமிராவின் சின்னத் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"கடைசி வீட்டுல எடுத்ததுதான்யா நல்லா விழுந்திருக்கு."

பச்சைச் சட்டம் போட்ட ஜன்னல். அதற்குள் மணல்மேடு, மேட்டின் முதுகில் சிவந்த வெயில். கிழவர் திரையைக் கண்ணுக்குக் கிட்டே இழுத்துப் பார்த்தார். வேறு வீடாக இருக்கும் என்றார். இல்லை, கடைசி வீட்டின் உள்ளறைதான் என்றாள் அவள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அதை அழிச்சிடும்மா. என் தம்பி பொண்டாட்டி கண்ணுல படவேண்டாம்."

என்ன ஏது என்று அந்தப் பெண் கேட்பதற்குள் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. தம்பி பெண்சாதி இறங்கி வந்து நின்றிருந்தாள். ஊசி இன்னும் விரலிடுக்கில் இருந்தது.

"திறந்துதான் இருக்கு பாருங்க மாமா."

"அடைச்சவன் நான் சொல்றேன். இது மெஷின், இல்லாததையும் காட்டும். பேசாம வண்டியில ஏறு."

அவள் ஏறவில்லை. கடைசி வீட்டைப் பார்த்து நடந்தாள். படக்காரப் பெண் விழித்துக்கொண்டு நிற்க, கிழவர் மணலில் கால் புதையப் புதையப் பின்னாலேயே ஓடினார்.

உள்ளறையில் மேற்குச் சுவர் முழுசாக இருந்தது. அவர் கோணல்மாணலாக வைத்த செங்கற்கள், இடையில் வழிந்து காய்ந்த சிமெண்ட். அவருக்குப் போன உயிர் வந்தது. சுவரைத் தட்டிக் காட்டினார்.

அவளோ கண் கூசுகிறவள் போல நெற்றிக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, தூரத்தில் எதையோ தேடினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமா. மறைக்கிறீங்க."

அவர் தள்ளி நின்றார். ஏன் நின்றோம் என்று அப்புறம்தான் எரிச்சல் வந்தது. கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அவள் கல் மாதிரி நின்றாள். காற்றே நுழையாத அந்த அறையில் அவளுடைய நரைத்த முடி பின்பக்கமாகப் பறந்தது. இருட்டுவதற்குள் வந்து சேர் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அவள் காலடியிலிருந்து கிளம்பிய நிழல் தரை முழுக்க நீண்டு, வாசற்படியைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. கூரையில் எங்கேயாவது ஓட்டை இருக்கும், பழைய கட்டிடம்தானே என்று முணுமுணுத்தார். அண்ணாந்து பார்க்கவில்லை. நிழலை மிதிக்காமல் தாண்டி, ஜீப்பை நோக்கி நடந்தார்.