தலையணை இருந்த பக்கம்

வியாழக்கிழமை, இயேசு விண்ணுக்கு ஏறிய பரமேறுதல் திருநாளன்று காலையில், துணி வெளுத்துப் பிழைக்கும் கெசியா வெள்ளாவிச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அப்பால் கூச்சல் கேட்டது. ஹோல்பரி கோயிலுக்கு உட்பட்ட வட்டாரமான பங்கின் எல்லையைச் சுற்றி வருகிறார்கள். வெகுகாலம் விட்டுப்போயிருந்த வழக்கத்தைப் புதுக் குருவானவர் லாம்போர்ன் மறுபடி தொடங்கியிருந்தார். எல்லைக்கல்லைக் கண்டால் குச்சியால் நாலு அடி, பிறகு ஆளுக்கொரு வாய் பீர். கூட்டத்தில் ஒபதையாவும் இருந்தான். ரயில் பாதையோரம் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவன்; சனிக்கிழமை நடக்கவிருக்கும் கல்யாணத்தில் கெசியாவுக்கு மாப்பிள்ளை.

"கல்லு கெடச்சிருச்சு ஐயா! கெசியா இது மேல கோழிக்கூண்டு வச்சிருக்கா!" என்று கத்தினார் கோயில் குமாஸ்தா ஜெசப்.

அடுத்த கல் சந்துக்கு அந்தப் பக்கம், எல்ம் மரத்தடியில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே அவள் வீடு. எல்லையில் நடப்பவர்கள் எதையும் சுற்றிப் போகக் கூடாது. ஜெசப் பெரிய ஜன்னல் வழியாக ஏறிக் குதித்தார், பின்னாலேயே மற்றவர்களும்.

"நான் வெளுத்த பெரிய வீட்டுச் சட்டையெல்லாம் கெடக்கு ஓய்! மிதிச்சீரோ, நீரேதான் துவைக்கணும்!" என்றாள் கெசியா.

"மிதிக்கலம்மா. உன் கட்டில்லதான் முட்டிக்கிட்டேன்."

சுண்ணாம்புக் கட்டியால் அவர் இழுத்த கோடு அடுப்பங்கரையைத் தாண்டி, கட்டிலுக்கடியில் சரிபாதியாகப் போனது. "ஒபதையா, உன் பொண்டாட்டிக்குத் தலை ஒரு பங்குல, காலு ஒரு பங்குலடா!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். குருவானவர் மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார்.

"கல்யாண அறிவிப்பு ஓலைய நம்ம கோயில்ல மட்டும்தானே வாசிச்சோம்? அவ பக்கத்துப் பங்குக்காரின்னா அங்கயும் மூணு ஞாயிறு வாசிக்கணுமே."

மூன்று ஞாயிறு காத்தால் சனிக்கிழமைக் கல்யாணம் தள்ளிப்போகும் என்று கெசியாவுக்குப் புரிந்தது. திங்கட்கிழமை தங்கை தபித்தா கனடாவுக்குக் கப்பல் ஏறுகிறாள். தாயில்லாமல் கெசியா தூக்கி வளர்த்த பெண். அவள் நிற்காத கல்யாணம் என்ன கல்யாணம்?

"தலை வைக்கிற எடந்தான் குடியிருக்கிற எடம். எங்கப்பா காலத்துல அப்படித்தான் தீர்த்தாங்க," என்றார் ஜெசப். "தலைகாணி எந்தப் பக்கம் தாயி?"

கட்டிலில் தலையணை இல்லை. காலையில்தான் உறையைக் கழற்றிச் சட்டியில் போட்டுவிட்டு, தலையணையை இளவெயிலில் காயவைத்திருந்தாள். ஒபதையா அவளையே பார்த்தான். ஒரு வார்த்தையில் பொய் சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் குருவானவர் முன்னால்தான் சனிக்கிழமை சத்தியம் செய்ய வேண்டும்.

"கோடையில அந்தச் சின்ன ஜன்னல் பக்கம் ஐயா. அது பக்கத்துப் பங்கு," என்றாள்.

கல்யாணம் போச்சு என்று ஒபதையா தொப்பியைக் கழற்றினான்.

"குளிர்காலத்துல புகைபோக்கிப் பக்கம். அது நம்ம பங்கு. இந்த வருஷம் மே மாசமாகியும் குளிர் விடல. நான் இன்னும் திருப்பிப் போடல."

"ஓலை வாசிச்ச மூணு ஞாயிறும்?"

"புகைபோக்கிப் பக்கந்தான்யா. செவுத்துல என் தலை எண்ணெய்க் கறையே இருக்கு பாருங்க."

குருவானவர் குனிந்து பார்த்தார். கறை இருந்தது. "சனிக்கிழமை காலை பத்து மணி. அதுவரைக்கும் தலைகாணியத் திருப்பிராதே!" என்றார். கூட்டம் ஆரவாரம் செய்தது. ஜெசப் கட்டில் காலுக்கும் குச்சியால் ஓர் அடி போட்டுவிட்டு பீர் கேட்டார்.

அன்று பிற்பகலிலிருந்து சொல்லி வைத்தாற்போல் வெயில் கொளுத்தியது. கெசியா இரண்டு இரவும் புகைபோக்கிச் சூட்டில் வேர்த்து விறுவிறுத்துக் கிடந்தாள். சனிக்கிழமை தபித்தா வந்து முகத்திரையைச் சரிசெய்யும்போது, "என்னக்கா, முகமெல்லாம் இப்படிச் செவந்திருக்கு? வெக்கமா?" என்றாள்.

"ஆமா, வெக்கம்," என்றாள் கெசியா.