பெரியப்பாவின் நாலரை மணி நேரம்

“நான் கேட்டது தூரம், அபூ ஷிப்லி. நீங்க கடவுளோட கருணையைப் பத்திப் பேசிட்டு இருக்கீங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே, அபூ நிஸார்! அவன் கருணை இருந்தா எல்லா ஊரும் பக்கம்தான்.”

“சரி, அந்தக் கருணை எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்குது?”

சிரிப்பை இருமலாக்க முயன்றேன், பாதிதான் முடிந்தது. பக்கத்திலிருந்த அண்ணன் முதன்னா என் காலை மிதித்தான். அவனுக்குப் பெண் கேட்கத்தான் வாடகைப் பேருந்து நிறைய மீசைகளோடு வந்திருந்தோம்.

ஜோர்டானில், எங்கள் அம்மான் நகரில், பெண் கேட்பது பாதி நாடகம். கூட்டத்தின் தலைவருக்கு, அதாவது எங்கள் பெரியப்பா அபூ ஷிப்லிக்கு, முதல் காபி வரும். அவர் அதைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுப் பெண்ணைக் கேட்பார். பெண்ணின் அப்பா “காபியைக் குடிங்க” என்றால் சம்மதம். எல்லாம் முன்பே பேசி முடித்திருப்பதால் காபிக்கு ஆற நேரமே இருக்காது.

இன்று ஆறிக்கொண்டிருந்தது. அண்ணனுக்குப் போன வாரம் கோலாலம்பூரில் வேலை கிடைத்திருந்தது. அதைப் பெண் ருதைனாவின் அப்பா அபூ நிஸாரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. பெரியப்பா பக்குவமாகத்தான் சொன்னார், கூடத்துக்கே கேட்கும்படி, பெருமையாக.

இப்போது அவர் அண்ணனின் கைபேசியைப் பிடுங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விமான நேரங்களைப் பார்த்தார்.

“இதோ! அங்க காலைல பத்து மணிக்கு ஏறினா மதியம் ரெண்டரைக்கு அம்மான். நாலரை மணி நேரம்! தெற்கே அகபாவுக்குக் கார்ல போறதும் இதே நேரம்தானே?”

“பெரியப்பா, அந்த ஊர்க் கடிகாரம் வேற...” என்றான் அண்ணன்.

“கடிகாரம் எல்லா ஊர்லயும் வட்டம்தான்டா. சும்மா இரு.”

அபூ நிஸார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அகபாவிலேர்ந்து என் தங்கச்சி வெள்ளிக்கிழமை தவறாம மன்சஃப் சாப்பிட வந்துடுறா. என் பொண்ணும் வருவாளா?”

“வராம? வெள்ளிக்கிழமை தோறும் வருவா! என் மீசை மேல சத்தியம்!” பெரியப்பா மீசையைப் பிடித்தே விட்டார். எங்கள் ஊரில் மீசையைப் பிடித்தால் பின்வாங்க முடியாது.

உள் அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ருதைனாவின் குரல் வந்தது.

“அப்பா, நாலரை இல்ல, ஒன்பதரை மணி நேரம் ஆகும். ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். அங்க கடிகாரம் நமக்கு அஞ்சு மணி நேரம் முந்தி ஓடுது. பெரியவரை மீசையிலேர்ந்து கையை எடுக்கச் சொல்லுங்க.”

பெரியப்பாவின் கை மெதுவாக முழங்காலுக்கு இறங்கியது.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்றார் அபூ நிஸார், கதவைப் பார்த்து.

“அந்த வேலைக்கு மனு எழுதிக் கொடுத்ததே நான்தான். அவர்கிட்ட விட்டிருந்தா இன்னும் யோசிச்சுட்டு இருப்பார்.”

முதன்னா தரைவிரிப்பில் ஏதோ தேடினான்.

“வெள்ளிக்கிழமை எல்லாம் வர முடியாது, அப்பா. வருஷத்துக்கு ஒரு தடவை வருவேன். நிச்சயமா வருவேன்.”

அபூ நிஸார், வெள்ளிக்கிழமைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கிறவர் போல அந்தச் சின்னக் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஆவி வருவது நின்றிருந்தது.

கதவு ஒரு விரல் அளவு திறந்தது.

“அப்பா... அவங்களைக் காபியைக் குடிக்கச் சொல்லுங்களேன்.”