ஏழாம் நம்பர் காலி

இரண்டாயிரத்து ஆறு, மே சீசன், மதியச் சோற்று நேரம். கொடைக்கானல் லாட்ஜ் ஒன்றின் ரிசப்ஷனில் இருந்தவர்கள்: முதலாளி சேனாதிபதி, போன் எடுக்கும் புவனா, விருதுநகர் ஞானவேல், அவர் மனைவி, மலை வளைவுகளில் வயிற்றைக் காலி செய்துவிட்டு வந்த இரண்டு பிள்ளைகள், அப்புறம் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த ஜெயமுருகன். கம்ப்யூட்டரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஜெயமுருகனைவிட அதற்கு அங்கே மரியாதை அதிகம்.

ஜெயமுருகன் லாட்ஜுக்கு வெப்சைட் செய்ய வந்தவன். பேச்சு இதுதான்: வேலை முடிகிற வரைக்கும் ஏழாம் நம்பர் ரூமும் மூன்று வேளைச் சோறும். முடிந்தால் பழனிக்கு இறங்கி, அப்பாவின் பஞ்சாமிர்தக் கடையில் டப்பாவுக்கு மூடி போட வேண்டும். காலேஜை விட்டவனுக்கு வேறு போக்கிடமில்லை. அதனால் வேலையை ஊறப் போட்டிருந்தான்.

சாக்கும் கைவசம் இருந்தது. ரூம் நம்பரை மவுஸால் தொட்டால் பக்கம் அப்படியே நிற்க வேண்டும். பின்னால் சத்தமில்லாமல், கணக்கு வைத்திருக்கிற சர்வர் கம்ப்யூட்டரைக் கேட்டு ஒரு சொல் மட்டும் மாற வேண்டும்: 'காலி' அல்லது 'ஆள் உண்டு'. புது பிரவுசர்களில் அது நடந்தது. ரிசப்ஷன் கம்ப்யூட்டரின் கிழட்டு பிரவுசருக்கு அந்தப் பாஷை தெரியாது. அதற்கென்று தனியாக வேறு மாதிரி எழுத வேண்டும். அதை அன்று காலையில்தான் ஒருவழியாக எழுதி, தன் ரூமையே 'காலி' என்று போட்டு அந்தக் கம்ப்யூட்டரிலேயே சோதித்தான். காலி என்றது. 'ஆள் உண்டு' என்று மாற்றிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

"ஏழு காலின்னுதாங்க காட்டுச்சு. போன்ல கேட்டாங்க, குடுத்துட்டேன்," என்றாள் புவனா.

"அதுல நான் இருக்கேங்க!"

"காலின்னு கெடக்கே." சேனாதிபதி திரையைத் தட்டினார். "ஏலே, நீ இல்லேன்னு நீயேதான எழுதி வச்சிருக்க?"

"வெரசா ஒரு முடிவு பண்ணுங்க," என்றார் ஞானவேலின் மனைவி. "சின்னவனுக்குத் திரும்ப வருது."

ஜெயமுருகன் நாற்காலியில் விழுந்தான். ரூமில் ஆள் உண்டு என்று அந்தத் திரையே சொன்னால்தான் தப்பிக்கலாம். ஏழைத் தொட்டான். காலி. மறுபடி தொட்டான். காலி. சர்வருக்குள் போய்ப் பார்த்தால் அங்கே 'ஆள் உண்டு'. அப்போதுதான் பிடிபட்டது. கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டால் இந்தச் சோம்பேறி பிரவுசர், சர்வர் வரைக்கும் போவதே இல்லை. காலையில் வாங்கி வைத்த பதிலையே எடுத்து நீட்டுகிறது. கேள்வி ஒவ்வொரு தடவையும் புதுசாகத் தெரிந்தால் போய்த்தான் ஆக வேண்டும். கேள்வி போகிற முகவரியின் வாலில் அந்த நொடியின் நேரத்தை ஒட்டினான். ஒரே வரி.

தொட்டான். 'ஆள் உண்டு.'

"பாத்தீங்களா!" என்று கத்தியேவிட்டான்.

சேனாதிபதி வந்து தானே தொட்டுப் பார்த்தார். எட்டு, ஒன்பது, மறுபடி ஏழு. எல்லாம் சரி.

"இனிமே தப்பாச் சொல்லாதுல்ல?"

"சொல்லவே சொல்லாதுங்க."

"எல்லாம் முடிஞ்சிருச்சா?"

"பக்காவா!"

புவனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதன் பிறகுதான் ஜெயமுருகனுக்கு உறைத்தது.

"அப்ப சோலி முடிஞ்சது," என்றார் சேனாதிபதி. "பழனி வண்டி இன்னும் கெளம்பல. சாவியக் குடு."

ஏழாம் நம்பருக்காகச் சைட்டில் மாற்ற ஒன்றுமில்லை. ஆள் உண்டுதான். ஜெயமுருகன் ரூமில் ஈரத் துண்டைப் பையில் திணிக்கும்போதே சின்னவன் அவனை இடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினான். ஜெயமுருகன் வெளியே கால் வைத்ததும் ஞானவேல் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, சாவியையும் திருப்பினார்.