ஆறாகப் பிரித்த நாவல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று கொல்கத்தா காளிகாட்டில் எங்கள் வீட்டார் எல்லோரும் சொல்வார்கள். அதைப் பொய்யாக்க நான் ஒருநாளும் முயன்றதில்லை. அந்தக் கோபம் மட்டும் இல்லாமல் போயிருந்தால், தேந்துல்தலா பொது நூலகம் இந்நேரம் ஆடு கட்டும் கொட்டகையாகியிருக்கும்.

தேந்துல்தலா கொல்கத்தாவில் சேர்த்தியா இல்லையா என்று அங்கே இருப்பவர்களுக்கே நிச்சயமில்லை. கார்டன் ரீச்சைத் தாண்டி ஆற்றோரமாக பஸ்ஸில் போய், பிறகு டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷாவில் எலும்பு குலுங்கப் போனால் வரும் கிராமம். ஒரு குளம், ஒரு மசூதி, ஒரு ஷீதளா அம்மன் கோயில், ஒரே ஒரு நீளத் தெரு. அந்தத் தெருவில் வரிசையாக ஆறு வீடுகளில் ஜரிகைப் பட்டறைகள். நம் ஊரில் ஆரி வேலை என்கிறோமே, அதேதான். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, யாரோ முகம் தெரியாத கல்யாணப் பெண்களுக்காகச் சமிக்கி தைப்பார்கள். தெருவின் தொடக்கத்தில், இரண்டு அறையும் ஒரு வராந்தாவுமாக எங்கள் நூலகம். அதற்கு நூலகர், உதவியாளர், பெருக்கித் துடைப்பவள் எல்லாம் ஜலஜா என்கிற நான் ஒருத்திதான்.

வாசகர் குறைந்த நூலகங்களை மூடி டவுன் நூலகத்தோடு சேர்த்துவிடப் போகிறார்கள், எங்களுடையதும் அதில் இருக்கிறது என்று அங்கே வேலை பார்க்கும் தோழி கல்பனா போனில் சொன்னபோது, எனக்குச் சோறு இறங்கவில்லை. மூடினால் எனக்கு வேறு இடத்தில் நாற்காலி கிடைத்துவிடும். தேந்துல்தலாவுக்கு வேறு நூலகம் கிடைக்காது. டவுனுக்குப் போய்வர ஒருநாள் கூலி போய்விடும். அந்தத் தெருவில் எவர் போவார்?

நேரில் பார்த்து முடிவெடுக்க அலிப்பூர் மாவட்ட அலுவலகத்திலிருந்து வரப்போகிற அதிகாரியின் பெயர் முருகானந்தம். என் கணவர் ஸ்ரீநிவாஸுக்கு அதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்மவர்தானே! நல்ல காப்பியா ஒரு ஃபிளாஸ்க்ல எடுத்துண்டு போ. தமிழ்ல ரெண்டு வார்த்தை பேசு. முடிஞ்சுது."

எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஜீப்பிலிருந்து இறங்கினார். நாற்பது வயது இருக்கும். நான் "வாங்கோ சார்" என்றேன். அவர் வங்காளத்தில் பதில் சொன்னார். காப்பி வேண்டாம் என்றார். உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்காதீங்க. தமிழ்க்காரங்கன்னு பார்த்து விட்டுட்டான்னு பேச்சு வந்துரக் கூடாது. உங்க லைப்ரரியை ஒரு படி கூடவே கறாராத்தான் பார்ப்பேன்" என்றார். ஸ்ரீநிவாஸின் யோசனைகள் எல்லாமே இப்படித்தான் முடியும்.

கல்யாண சீசன். பட்டறைகளில் மூச்சுவிட நேரமில்லாத வேலை. நூலகத்தில் நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் காலி பெஞ்சுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வராந்தாச் சுவரில் இருந்த செய்தித்தாளுக்கு முன்னால் போய் நின்றார். அதை வாராவாரம் நான்தான் பெரிய அட்டையில் கையால் எழுதி ஒட்டுவேன். வங்காளத்தில் பள்ளிக்கூடம், கிளப், நூலகம் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு சுவர்ப் பத்திரிகை உண்டு. உலகச் செய்தியைப் போனில் பார்த்துக்கொள்வார்கள், தெருச் செய்திக்கு எங்களிடம்தான் வர வேண்டும். ஞாயிறன்று கண் பரிசோதனை முகாம். மஞ்சள் காமாலை பரவுகிறது, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும். குழந்தைகள் ஓவியப் போட்டியில் பரிசு பெற்றவர்கள். காது பிளந்த கறுப்பு ஆட்டைக் காணவில்லை. எல்லாவற்றுக்கும் கீழே, சிவப்பு மையில்: 'முதல் துண்டு ரொகேயா வீட்டில். மூன்றாவது சபீனா வீட்டில். ஆறாவது மொயினுல் வீட்டில்.'

"துண்டுன்னா என்ன?" என்றார்.

"அது… ஒரு ஏற்பாடு சார்."

அவர் அலமாரிப் பக்கம் போனார். ஆயிரக்கணக்கான புத்தகங்கள் இருக்கின்றன. எதையாவது எடுக்கக் கூடாதா? நேராகக் கையை நீட்டி அந்தத் துப்பறியும் நாவலையே உருவினார். அட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே ஒரு தாள்கூட இல்லை.

கொஞ்ச நேரம் அவர் அந்த வெற்று அட்டையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த அட்டையை ஒளித்து வைத்திருக்கலாம்தான். புத்தகத்தின் இடம் காலியாக இருக்கக் கூடாதே என்று முட்டாள்தனமாக அங்கேயே சொருகி வைத்தது நான்தான்.

"அரசாங்க முத்திரை போட்ட புத்தகம். இதைக் கிழிச்சிருக்கீங்க."

"கிழிக்கலை சார். தையலைப் பிரிச்சேன்."

"என்ன வித்தியாசம்?"

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கிழிப்பதற்கும் பிரிப்பதற்கும் வித்தியாசம் தெரியாத ஒருவர் என் நூலகத்தை மூட வந்திருக்கிறார்!

"வாங்கோ, காட்டறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். வேறு வழியில்லாமல் அவரும் வந்தார். பின்னாலேயே அவருடைய டிரைவரும் வந்தான்.

போகிற வழியில் விஷயத்தைச் சொன்னேன். பட்டறையில் கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை, காதுக்கு வேலையில்லை. அதனால் ஒருவர் ஊசியை வைத்துவிட்டு உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே தைப்பார்கள். படிக்கிறவர் பங்குச் சமிக்கியையும் மற்றவர்களே தைத்துவிடுவார்கள். நான் வேலைக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே இருந்த வழக்கம் அது. போன மழைக்காலத்தில் இந்த நாவல் வந்தது, ஒரே ஒரு பிரதி. ஆறு பட்டறைகளும் எனக்கு உனக்கு என்று வராந்தாவில் நின்று சண்டை போட்டன. ஒரு பட்டறை படித்து முடிக்க ஆறு வாரம் ஆகும், கடைசிப் பட்டறைக்கு அடுத்த வருஷம்தான் கிடைக்கும். பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் ஆத்திரத்தில் கத்தரிக்கோலை எடுத்து முதுகுத் தையலை அறுத்து, ஆறு பகுதியாக்கி, பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டேன். ஒரு வீடு முடித்த துண்டை வாராவாரம் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு அடுத்த வீட்டுக்குத் தந்துவிட்டு, தான் அடுத்த துண்டை எடுத்துக்கொள்ளும். முதல் துண்டு நூலகத்தை ஒட்டிய மொயினுல் வீட்டில் தொடங்கியது. இந்த வாரம் அது குளத்தங்கரையில் இருக்கும் தெருக் கோடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"அதனால குளத்தங்கரையிலேர்ந்து ஆரம்பிக்கணும் சார். இல்லேன்னா கதை தலைகீழாயிடும்."

கோடி வீட்டில் ரொகேயா படித்துக்கொண்டிருந்தாள். ஊசிகள் நிற்கவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே, குளத்துக்கு வந்த இடத்தில் பாத்திரத்தோடு நின்றுவிட்ட நான்கு பெண்கள், ஒரு கிழவர். கதையில், ஆற்றில் போகும் படகில் ஒரு டாக்டர் டீ குடிக்கிறார், குடித்த டம்ளரைக் கீழே வைக்காமலேயே செத்துப் போகிறார். "ஐயோ" என்றார் கிழவர். அதிகாரி கதவோரம் நின்று கேட்டார்.

இரண்டாவது வீட்டில் போலீஸ் வந்துவிட்டது. மூன்றாவது சபீனாவின் வீடு. அங்கே படிப்பு நின்று போய், படகோட்டிதான் விஷம் வைத்தான் என்று ஒரு கட்சியும், அவன் பாவம் என்று ஒரு கட்சியுமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இதையெல்லாம் போன்லயே போட்டுக் கேக்கலாமே?" என்று அவர் வங்காளத்தில் கேட்டார்.

சபீனா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "போன் நம்மளோட சண்டை போடுமா சார்? அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்."

நான்காவது வீட்டுக்கு அவர் எனக்கு முன்னால் நடந்தார். ஐந்தாவது வீட்டில் வாசலிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். டாக்டரின் மனைவி ஒரு பெட்டியைத் திறக்கப் போகும் இடம். டிரைவர் வந்து "சார், மணி ஆச்சு" என்றான். "இருய்யா" என்று தமிழில் அதட்டினார். அந்த வங்காளி டிரைவருக்குப் புரிந்துவிட்டது.

அங்கிருந்து எழுந்து, நேரே மொயினுல் வீட்டுக்குள் போனார். முடிவு அங்கேதான் இருந்தது. மொயினுல் கடைசி அத்தியாயத்தின் நடுவில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் பக்கத்தில் விரலை வைத்து மூடிவிட்டார்.

"படிங்க" என்றார் அதிகாரி.

"அஞ்சாவது துண்டு முழுசா கேட்டாச்சா?"

"கொஞ்சம் கேட்டேன்."

"அப்ப ஆறாவது கிடையாது சார். இது தெருவோட விதி. முறை வராம முடிவு கேக்கக் கூடாது, கேட்டவன் வெளியில சொல்லக் கூடாது."

டிரைவருக்குப் பொறுக்கவில்லை. "யார்கிட்ட பேசறேன்னு தெரியுமா? இவர் கையெழுத்துப் போட்டா உங்க லைப்ரரியே இருக்காது!"

பட்டறையில் அத்தனை ஊசியும் நின்றது. மூடப்போகிறார்கள் என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரியும். மொயினுல் என் பக்கம் திரும்பினார்.

"ஜலஜா தீதி, நீங்க சொல்லுங்க. சொன்னா படிச்சுடறேன்."

ஒரு தலையசைப்பு போதும். பெரிய மனிதர் ஆசைப்பட்டதைக் கொடுத்தோம், அவர் குளிர்ந்து போனார் என்று காரியம் முடிந்திருக்கும். எனக்கும் அந்த ஆசை வந்தது. பொய் சொல்வானேன், நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் கோடி வீட்டில் இப்போதுதான் டாக்டர் செத்திருக்கிறார். அங்கே ஜன்னலில் பாத்திரத்தோடு நிற்கிறார்கள்.

"முறை முறைதான் சார்" என்றேன். "அந்தத் தெருக் கோடில இருக்கறவாளுக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. அவா பொறுத்துண்டு இருக்கா. உங்களுக்கு மட்டும் இன்னிக்கே எப்படி? மூடறதுன்னா மூடிக்கோங்கோ. இந்த விதியை நான் மீறச் சொல்ல மாட்டேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நூலகத்துக்கு நடந்தார். செய்தி பரவி, பட்டறைகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, தெருவே எங்கள் பின்னால் வந்தது. சீசன் நேரத்தில் ஊசியைப் போட்டுவிட்டு வந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஜரிகைக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

வராந்தாவில் நின்று அவர் என்னைக் கேட்டார். "உங்க கணக்குல இந்த நாவலுக்கு ஒரே வாசகர்னுதானே இருக்கு?"

"கார்டுல ஒரு பேர் எழுதத்தான் இடம் இருக்கு சார்."

அவர் கூட்டத்தைப் பார்த்து, வங்காளத்தில், "ஒரு பிரதியை வெச்சுக்கிட்டுக் கஷ்டப்பட வேண்டாம். இதுலயே ஆறு பிரதி வாங்கித் தர ஏற்பாடு பண்ண முடியும்" என்றார்.

ரொகேயா முன்னால் வந்தாள். "வேண்டாம் சார். ஆறு பிரதி வந்தா எல்லாரும் ஒண்ணா முடிச்சுடுவோம். அப்புறம் வெள்ளிக்கிழமைக்கு என்ன இருக்கு? ஆறு வேற வேற கதை குடுங்க. பிரிக்கறதை நாங்க பாத்துக்கறோம். முடிஞ்சதும் எங்க தையல்ல திருப்பித் தைச்சுக் குடுத்துடறோம், உங்க பழைய தையலை விட நல்லா இருக்கும்."

அன்றைக்கு முதல்முறையாக அவர் சிரித்தார். ஆனால் பிடி கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை போன் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். இடையில் இருந்த இரண்டு நாளும் நான் ஸ்ரீநிவாஸிடம் எரிந்து விழுந்தேன். பாவம் அவர்.

வெள்ளிக்கிழமை துண்டு மாற்றும் நேரத்தில் வராந்தாவில் எள் போட்டால் விழாத கூட்டம். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு உயரத் தூக்கிப் பிடித்தேன். சபீனா என் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.

"ஜலஜா மேடம், எல்லாரும் இருக்காங்களா? அப்ப வங்காளத்துலயே சொல்றேன்" என்றார். "தேந்துல்தலா நூலகத்தை மூடவில்லை. அது அங்கேயே இருக்கும். ஆறு புது நாவலும் வரும்."

அந்தச் சத்தத்தில் குளத்து வாத்துகள் எல்லாம் கரையேறி ஓடின. மொயினுல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைத்துக்கொள்ளவில்லை, ஜெயித்தவள் எதற்குத் துடைக்க வேண்டும்? நன்றாக, எல்லோரும் பார்க்க அழுதேன்.

"இன்னொண்ணு மேடம்" என்று போன் தமிழில் தொடர்ந்தது. "தையலைப் பிரிச்சதுக்கு உங்ககிட்ட விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். கேக்காம இருக்க முடியாது. தயவுசெஞ்சு கோபப்படாம பதில் எழுதுங்க."

"முயற்சி பண்றேன் சார்."

பிறகு அவர் மறுபடி வங்காளத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி, கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"ரெண்டு நாளா தூக்கம் வரலை. அந்த டீயில விஷம் வெச்சது யாரு? அதை மட்டும் சொல்லிடுங்களேன்."

முடிவு தெரிந்தவர்கள் மொயினுல் வீட்டு எட்டுப் பேர்தான். எனக்கே தெரியாது. ஆனால் ஜன்னல் பெண்களும் கிழவர்களும் நானுமாகத் தேந்துல்தலா முழுவதும் ஒரே குரலில் அலிப்பூருக்குக் கேட்கும்படி கத்தியது:

"சொல்ல மாட்டோம்!"