வண்டியில் பெயர் இருக்காது

அந்த வாரம் முப்பத்தொரு பேர் இணையதளத்துக்கு வந்திருந்தார்கள். அதில் இருபத்தாறு பேர் வண்டியின் படத்தைத் தொட்டுப் பெரிதாக்கி, நிதானமாகப் பார்த்துவிட்டு, அப்படியே கிளம்பிப் போயிருந்தார்கள். ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அவள் அந்த எண்களையே முறைத்துக்கொண்டிருந்தாள். வண்டியில் அப்படி என்னதான் இருக்கிறது?

"ரசிக்கிறாங்க, வேறென்ன?" என்றார் கணவர். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெள்ளை வண்டியின் இரண்டு பக்கமும் ஆறடி நீளத்துக்குச் சிவப்பில் அவர் பெயர். அதன் கீழே மல்லாந்து கிடக்கும் ஒரு கரப்பான்பூச்சி. மீசை சரியாக வரவில்லை என்று பெயின்டரை இரண்டு முறை அழித்து வரையவைத்தவர் அவர். பெரிய கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம் பூச்சி மருந்து அடித்துவிட்டு, ஆறு மாதம் முன்புதான் சொந்தமாகத் தொடங்கினார். தொடங்கியதிலிருந்து, பூச்சிமருந்துக்காரர் என்பதால் சொல்லவில்லை, உண்மையிலேயே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். ஒன்றாம் தேதிக்குள் திரும்பி வந்தால் பழைய வேலை இருக்கிறது என்று மேனேஜர் சொல்லியனுப்பியிருந்தார். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய கம்பெனிச் சட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து வைத்ததை அவள் பார்த்துவிட்டாள்.

இணையதளத்தில் எழுதுவது அவள் பொறுப்பு. ஒன்பது வருடம் ஓர் அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதியவள் என்பதால் வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை. முதலில் ஊரார் தளங்களைப் பார்த்துத் தரம், நேர்மை, நம்பிக்கை என்று அள்ளிவிட்டாள். மறுநாள் படித்தபோது, இவர்கள் பூச்சியைக் கொல்கிறவர்களா நகை விற்கிறவர்களா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. எல்லாவற்றையும் அழித்தாள். மருந்து அடித்தால் எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும், வாடை எப்போது போகும், தவழும் குழந்தையை எப்போது தரையில் விடலாம் என்று, பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்வதுபோல எழுதினாள். அதற்குப் பலன் இருந்தது. இப்போது வருகிறவர்கள் கடைசி வரி வரை படித்தார்கள். படித்துவிட்டு வண்டியைத் தொட்டுப் பார்த்தார்கள், போனார்கள். இதுதான் அவளைப் போட்டுக் குடைந்தது.

வியாழக்கிழமை காலை போன் அடித்தது. கணவர் தன் அண்ணன் வீட்டுக் கதவு நிலையில் கரையான் பார்க்கப் போயிருந்தார். எடுத்தால் முதலில் குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம். அதற்கு அடியில் ஒரு பெண் குரல்.

"மூட்டைப்பூச்சிக்கு வருவீங்களா?"

"வருவோம்மா. எத்தனை ரூம்?"

"ரெண்டு. அந்தப் போட்டோல இருக்கிற வண்டிதான் வருமா?"

"அதே வண்டிதான்," என்றாள் இவள், பெருமையாகவே.

தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. "அப்ப வேணாம்க்கா."

"ஐயோ, வைக்காதீங்க, ஒரு நிமிஷம். வண்டியில என்னம்மா?"

"கீழ் வீட்டுக்காரங்க பாத்தாப் போதும்க்கா. நாளைக்கு எம் பிள்ளைங்கள யாரு வீட்டுக்குள்ள விடுவாங்க? நாங்க சுத்தமாத்தான் இருக்கோம். தினம் பெருக்கித் துடைக்கிறேன்." குழாய்ச் சத்தம் இன்னும் கூடியது. "இது எப்படி வந்துச்சுன்னே தெரியலக்கா."

"நான் திரும்பக் கூப்பிடவா?"

"வேணாம், வேணாம். நானே கூப்பிடுறேன்."

போனை வைத்தபின் அவளுக்கு முகம் சுட்டது. நான்கு வருடம் முன்பு இவர்கள் வீட்டிலேயே மூட்டைப்பூச்சி வந்தது. வேலைக்குப் போன இடத்திலிருந்து அவர் பையில் ஏறி வந்தது. மெத்தைகளைத் தூக்கி வெயிலில் போட்டபோது எதிர்வீட்டம்மா என்னவென்று கேட்டதற்கு, "குழந்தை தண்ணி கொட்டிருச்சு" என்று அவள் வாய் கூசாமல் சொன்னாள். பூச்சிமருந்துக்காரர் மனைவிக்கே அந்த வெட்கம். யார் காதிலும் விழாமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசியவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

உட்கார்ந்து எழுதினாள். இந்த முறை கை நிற்கவே இல்லை. 'உங்கள் வீட்டில் மூட்டைப்பூச்சி வந்ததற்கு நீங்கள் காரணமில்லை. பெட்டியில் வரும், பழைய நாற்காலியில் வரும், பெருக்கித் துடைத்த வீட்டுக்கும் வரும். எங்கள் வீட்டுக்கும் வந்தது. நாங்கள் சாதாரண உடையில் வருவோம். எங்கள் வண்டியில் பெயர் இருக்காது.'

கடைசி வரியில் கை நின்றது. ஜன்னலுக்கு வெளியே பெயர் வந்து நின்றுகொண்டிருந்தது, ஆறடி நீளத்துக்கு.

கணவர் கைகால் கழுவிவிட்டு வந்து படித்தார். இரண்டு முறை படித்தார். அவள் போன் விஷயத்தைச் சொன்னாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே," என்றார். "கடைசி வரிய எடுத்துடு."

"அது இல்லாம மத்ததெல்லாம் வீணுங்க. பேரு இருக்கான்னு பாக்கத்தான் இருபத்தாறு பேரும் வண்டியப் பெருசாக்கிப் பாத்திருக்காங்க."

"பதினோரு வருஷம் எவன் பேரையோ நெஞ்சுல குத்திக்கிட்டுத் திரிஞ்சேன். இப்பத்தான் எம் பேரு."

"துணி போட்டு மூடிக்கலாமா?"

"மூடுறதுக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவர் வெளியே போய்விட்டார். தான் எழுதியதிலேயே நல்ல வரி அதுதான் என்று தெரிந்தது. அந்த வரி யார் மேல் போய் விழுந்தது என்பதும் தெரிந்தது. அதை அழிக்கவும் மனம் வரவில்லை, தளத்தில் ஏற்றவும் மனம் வரவில்லை.

சனிக்கிழமை அவளிடம் ஒன்றும் சொல்லாமல் ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட் வாங்கி வந்தார். கரப்பான்பூச்சி ஒரே பூச்சில் போய்விட்டது. பெயர் போகவில்லை. "சிவப்பு லேசுல அடங்காது," என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது முறை பூசினார், காய்ந்ததும் மூன்றாவது முறையும். கிட்டே நின்று பார்த்தால் எழுத்துகள் வெள்ளைக்கு அடியில் தடித்துத் தெரிந்தன. அவர் முதல் எழுத்தை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, பிரஷைக் கழுவப் போனார்.

"இப்பப் போடு," என்றார், திரும்பிப் பார்க்காமல்.

வண்டியின் பழைய படத்தை எடுத்துவிட்டுப் போட்டாள். திங்கட்கிழமை மறுபடியும் குழாய்த் தண்ணீர் சத்தத்தோடு போன் வந்தது. அந்தப் பெண் வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை. "உங்க வீட்லயும் வந்துச்சாக்கா?" என்று மட்டும் கேட்டாள். "வந்துச்சும்மா," என்றாள் இவள். இவள் கேட்காமலே அந்தப் பெண் முகவரியைச் சொன்னாள்.

சாதாரணச் சட்டையில், மருந்து டின்னைக் காய்கறிப் பையில் வைத்துக்கொண்டு அவர் கிளம்பினார். அவள் வாசலில் நின்று பார்த்தாள். வண்டி தெருமுனைக்குப் போய்ப் பெரிய சாலை சிக்னலில் நின்றது. அங்கே ஏற்கெனவே இரண்டு வெள்ளை வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. விளக்கு பச்சையானதும் மூன்றும் ஒன்றாகக் கிளம்பின. கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்த்தும், அதில் எது அவருடையது என்று அவளுக்கே தெரியவில்லை.