பெயிண்டில் எழுதிய பாடம்

அந்த ஓரறைப் பள்ளிக்கூடத்தின் வாத்தியாருக்கு ஊர் வைத்த பெயர் 'பதினொரு மணி'. ஒன்பதரைக்கு மணி அடிப்பது ஐந்தாம் வகுப்பு லீடர் பெண்தான். அடித்துவிட்டுக் கரும்பலகையின் மூலையில் அன்றைய தேதியை வெறும் எண்ணாகச் சாக்பீஸால் எழுதுவாள். பலகையில் அழிப்பதற்கு அது ஒன்றுதான் உண்டு. மற்றதெல்லாம் வெள்ளைப் பெயிண்ட். "நாம் தினமும் பல் துலக்க வேண்டும்" என்று தொடங்கும் ஐந்து வரிப் பாடத்தை வாத்தியார் ஆள் வைத்து அழகாக எழுதி வாங்கியிருந்தார். அதிகாரி எப்போது எட்டிப் பார்த்தாலும் பாடம் நடந்துகொண்டிருக்கும். என்ன மூளை பாருங்கள்! அதில் கால்வாசியைப் பிள்ளைகளுக்குச் செலவழித்திருக்கலாம்.

ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே பாடம். பிள்ளைகள் கோரஸாகக் கத்த, வாத்தியார் வாசலில் நின்று போனில் வீட்டுமனை விற்பார். லீடர் பெண்ணுக்குக் கணீரென்ற குரல். அதனால் ஐந்து வருஷமும் அவள்தான் முதல் ரேங்க். அதே பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் அவள் அம்மாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஆறாம் வகுப்பில் சேர்க்க மகளைப் பக்கத்து ஊர்ப் பெரிய பள்ளிக்கு அழைத்துப் போனாள். தலைமையாசிரியை ஒரு புத்தகத்தை விரித்து, "இதைப் படிம்மா" என்றார். மழை எப்படிப் பெய்கிறது என்ற பாடம். பெண் முதல் வரியில் விரலை வைத்தாள்.

"நாம் தினமும் பல் துலக்க வேண்டும்" என்றாள் கணீரென்று.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. "இவளுக்கு எழுத்தே தெரியலைம்மா. ஆறாங்கிளாஸ்ல எப்படி உக்கார வைக்கிறது?"

மறுநாள் பதினொரு மணிக்கு வாத்தியார் வந்தபோது, விளக்குமாற்றோடு அந்த அம்மா வாசலை மறித்து நின்றாள்.

"பெரிய ஸ்கூல் ஹெச்.எம். என் பொண்ணுக்கு எழுத்தே தெரியலைங்கிறாங்க. அஞ்சு வருஷமா என்ன சார் சொல்லிக் குடுத்தீங்க?"

"ஏம்மா கத்துற? அந்த ஹெச்.எம். எனக்குத் தெரிஞ்சவங்கதான். நான் ஒரு வார்த்தை சொன்னா சேத்துக்குவாங்க. சும்மா ஊரைக் கூட்டாதே."

ஒரு நொடி அவளுக்குச் சபலம் தட்டியது. மகள் நேற்றிலிருந்து சாப்பிடாமல் சுருண்டு படுத்திருக்கிறாள். தலையை ஆட்டினால் போதும், நாளைக்கே சீருடை போட்டு அனுப்பிவிடலாம்.

"கூட்டுறதுதானே சார் என் வேலை? கூட்டத்தான் போறேன்" என்றாள். "நீங்க சொன்னா உக்கார வச்சிடுவாங்க. அவ கண்ணுக்கு எழுத்து தெரிஞ்சிடுமா? உங்க பையன் மட்டும் வேன் ஏறி வேற ஸ்கூலுக்குப் போறான். இங்கேயே சேத்திருந்தா அவனும் ஜோரா பல் துலக்கியிருப்பானே!"

உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நாளைக்கு என் பொண்ணு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களோட உக்காருவா. நானும் பக்கத்துல உக்காருவேன். ஒன்பதரைக்கு வந்து 'அ'னாவுல இருந்து ஆரம்பிங்க. வரலைன்னா, உங்க மேல மனு எழுதித் தர்றேன்னு அந்தப் பெரிய ஸ்கூல் டீச்சரம்மாவே சொல்லியிருக்காங்க. நான் கைநாட்டு வச்சிடுவேன்."

விளக்குமாற்றால் உள்ளே இருந்த கரும்பலகையைக் காட்டினாள்.

"அந்தப் பலகைக்குக் கீழதான் அஞ்சு வருஷம் பெருக்கினேன். ஒரு நாளாவது நிமிர்ந்து பாத்து, ஏன் எழுத்து மாறவே இல்லைன்னு கேட்டேனா? சொல்லிக் குடுக்காம சம்பளம் வாங்குறவன் திருடன் சார். பிள்ளை என்ன படிச்சிச்சுன்னு ஒரு நாளும் கேக்காத என்னை மாதிரி பெத்தவங்க, அந்தத் திருட்டுக்குக் கதவைத் திறந்து விட்டவங்க!"