காந்தாரம் நிற்கக் கூடாது

1

இந்தக் கதை எனக்கு ஓர் அரத்தின் சத்தமாகத்தான் கிடைத்தது. தாராவியில் சிராஜ் பாயின் தோல்பைப் பட்டறைக்கு நேர் மேலே, இரும்பு ஏணி ஏறிப் போகும் அறையில் குடியிருக்கிறேன். அன்று வியாழக்கிழமை மதியம். பனி பெய்யும் ஏதோ ஒரு தேசத்து நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பில் கடைசிப் பதினொரு பக்கங்கள் மீதமிருந்தன. கீழே உலோகத்தின் மேல் அரம் உரசியது. நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. போயிருந்தால் இந்தக் கதை இல்லை.

2

முதல் வரிக்கான முயற்சிகள்:

தாராவியின் குறுகிய சந்துகளில் மழைநீர் (வேண்டாம். வெளியிலிருந்து வருகிறவர்கள் இப்படித்தான் தொடங்குவார்கள். நான் இங்கேயே பிறந்தவன்.)

இரு இசை மரபுகள் சங்கமிக்கும் அந்தப் பொன்னான (சபா ஆண்டுமலர் வாக்கியம். மன்னிக்கவும்.)

மாரிசெல்வி கிட்டாரைப் பட்டறையில் விட்டுவிட்டு விக்ரோலிக்கு வேலைக்குப் போனாள்.

இது போதும். இதில் பொய் எதுவுமில்லை.

3

மாரிசெல்விக்கு இருபத்து நான்கு வயது. கூரியர் அலுவலகத்தில் வேலை. கிட்டாரை யூடியூப் பார்த்துக் கற்றாள். கர்நாடக சங்கீதத்தை மாட்டுங்காவில், நிகில் என்ற பாடகனோடு உட்கார்ந்து கற்றாள். வரும் ஞாயிறு செம்பூரில் ஒரு சிறிய அரங்கில் இருவருக்கும் இருபது நிமிடம் கிடைத்திருந்தது. ராகம் தோடி.

தோடியில் காந்தாரம் என்ற ஸ்வரம் ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்க வேண்டும். கிட்டாரிலோ, கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகள் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அதனதன் இடத்தில் நிறுத்திவிடும். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் கொஞ்சம் அசையும். தோடிக்கு அந்தக் கொஞ்சம் போதாது.

"நீ சுருதி மட்டும் மீட்டிண்டிரு, மாரி. சேஃப். ஆலாபனையை நான் பாத்துக்கறேன்" என்றான் நிகில்.

"அதுக்கு நான் எதுக்கு? ஒன் போன்ல சுருதி ஆப் இருக்குல்லா. அதுக்கு ஒரு சேலையக் கட்டி மேடையில உக்கார வையி."

"கோவப்படாதே மாரி. காந்தாரம் அசையாம நின்னா, முன்வரிசை மாமாக்கள் எழுந்து காபிக்குப் போயிடுவா."

"சனிக்கிழம வாசிச்சுக் காட்டுதேன். அசையலன்னா சுருதியே போடுதேன். போதுமா?"

(முதல் பிரதியில் நிகிலைக் கெட்டவனாக எழுதியிருந்தேன். மாரிசெல்வி படித்துவிட்டு, "அவன் கெட்டவன்லாம் இல்ல, பயந்தாங்கொள்ளி" என்றாள். திருத்திவிட்டேன்.)

4

ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் கொஞ்சம் குடைந்துவிட்டால் விரல் மரத்தில் உரசாது. தந்தியை ஆழமாக இழுக்கலாம். அதுதான் அவள் திட்டம். தோலின் ஓரத்தைக் காகிதம்போலச் சீவுகிற கை சிராஜ் பாயுடையது. "அவர்கிட்ட குடு" என்று சொன்னவன் நான்.*

* முந்தைய மூன்று பிரதிகளிலும் இந்த வரி இல்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவனும் நான்தான். பதினொரு பக்கங்கள் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் அவள் வந்தபோது கிட்டாரின் கழுத்து கண்ணாடிபோல வழவழவென்றிருந்தது. ஃப்ரெட்டுகள் இருந்த இடத்தில் இருபது வெள்ளிக்கோடுகள் மட்டும் மின்னின.

"என்ன பாய் இது? கம்பியெல்லாம் எங்க?"

"தேச்சு மட்டமாக்கிட்டேன் தங்கச்சி. இனிமேதான் மரத்தக் குடையணும்."

"கம்பியத் தேய்க்கச் சொன்னது யாரு?"

"யாரு சொல்லணும்? பைக்குள்ள கைய விட்டா ஒரு ஆணித்தல விரல்ல படக்கூடாது. வேலையத் தொடங்குமுன்ன அதத்தான் முடிப்போம்." அவர் கழுத்தின் மேல் விரலை ஓட்டிக் காட்டினார். "பாரும்மா, எங்கயாவது கீறுதா?"

எங்கேயும் கீறவில்லை.

அவள் குரல் கேட்டு ஏணியில் இறங்கி வந்த என் பக்கம் திரும்பினாள். "நீ எங்கல போன?"

"மேலதான்."

"புத்தகமா?"

தலையாட்டினேன்.

"முடிஞ்சுதா?"

"ம்."

"நல்லது. ஒனக்காவது முடிஞ்சுதே."

5

தோல்கட்டின் மேல் உட்கார்ந்து தந்திகளை மாட்டினாள். சிராஜ் பாய் தையல் மெஷினை நிறுத்தினார். அவள் விரல் அந்தக் கோடுகளின் மேல் தடையில்லாமல் வழுக்கிப் போனது. காந்தாரம் அசைந்தது. இழுத்துப் பிடித்து வரவழைத்த அசைவு இல்லை அது. பாடுகிற தொண்டையின் அசைவு. ஆனால் இடம் காட்டக் கம்பி இல்லாததால், அடுத்த ஸ்வரமான மத்தியமம் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை.

"காந்தாரம் வந்துட்டு, மத்த ஆறும் போயிட்டு" என்றாள்.

சனிக்கிழமை நிகில் முழுவதும் கேட்டான். "மத்தியமம் ரெண்டு தடவை தப்பிடுத்து. ஆனா அந்தக் காந்தாரம் எனக்கே வராது. நாளைக்கு நீயே முடிவு பண்ணு. வாசிக்கறேன்னா நான் பாட்டை நிறுத்திக் கையை இறக்கிடறேன்."

6

முடிவு அ: அவள் சுருதி மட்டும் மீட்டுகிறாள். எல்லாரும் பாராட்டுகிறார்கள். ரயிலில் ஜன்னலோரம், மௌனம். (நான் படிக்கும் நாவல்கள் இப்படித்தான் முடியும். அழகான முடிவு. அவளுக்கு இதைத் தர மாட்டேன்.)

முடிவு ஆ: அவள் வாசிக்கிறாள். அரங்கம் எழுந்து நிற்கிறது. சிராஜ் பாய் கண்ணைத் துடைக்க (பாயைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

7

நடந்தது இது. ஞாயிறு மாலை, மூன்றாவது வரிசையில் இருந்தேன். பக்கத்தில் சிராஜ் பாய் இன்னும் ஆணித்தலை நியாயத்தையே சொல்லிக்கொண்டிருந்தார். நிகில் தோடியில் ஒரு சிறிய பிடி பாடி நிறுத்தினான். அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் கையை மடியில் இறக்கினான். சுருதியை விட்டு அவள் விரல் மேலே ஏறிக் காந்தாரத்துக்கு வந்தது. அது அசைந்தது. முன்வரிசையில் யாரும் காபிக்கு எழவில்லை. பிறகு விரல் மத்தியமத்தை நோக்கி நகர்ந்தது.

இங்கே நிறுத்துகிறேன். அடுத்து என்ன கேட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒருமுறை பக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பக்கங்களுக்குள் போனவன் நான். என் சாட்சியை நம்ப வேண்டாம்.

நீங்களே செய்யுங்கள். யாராவது பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, வாய்விட்டே பாடுங்கள். "கா". நிற்க விடாதீர்கள். அசையட்டும். உங்கள் தொண்டையிலும் கம்பிகள் கிடையாது.

இப்போது "மா".